காவலுக்கு ஒரு சொல்

நாய் வாங்குவதென்று திம்மராயன் முடிவு செய்தபோது மாதம்மாளின் கழுத்துக் காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. தாலிச் சங்கிலியை இழுத்தவன் வெறிகொண்டு இழுத்திருக்கிறான். சங்கிலி அறுவதற்குள் தோல் அறுந்துவிட்டது. நடந்தது பட்டப்பகலில், பதினோரு மணிக்கு. பைக்கில் வந்த இரண்டு பேர் "கூரியர்" என்று சொல்லித்தான் அவளைக் கேட்டருகே கூப்பிட்டார்கள். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டு ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே நாற்பது மனை பிரித்துப் போட்ட லேஅவுட். அதில் எழும்பியிருந்தது மொத்தம் நான்கு வீடு. கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் இருந்தவள் எதிர்வீட்டு மாரம்மா ஒருத்திதான். ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலைக்குப் போகிறவள், அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்திருந்தாள். கத்தல் கேட்டதும் கையில் அகப்பட்ட துடைப்பத்தோடு ஓடிவந்து, அந்த பைக்கைத் தெருமுனை வரை துரத்தினாள். திரும்பி வந்து மாதம்மாளின் கழுத்தில் மஞ்சளை அப்பி, திம்மராயன் கம்பெனியிலிருந்து வந்து சேரும்வரை அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளே மூக்கண்டப்பள்ளியிலிருந்து மகள் சரிதா வந்துவிட்டாள். "இந்தக் காட்டுல அம்மாவத் தனியா வுட்டுட்டு நீங்க ஷிஃப்டுக்குப் போவீங்க, இல்ல? நான் கூட்டிக்கினு போறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாதம்மாள் வேண்டாமென்று சொல்லவில்லை. அதுதான் திம்மராயனைக் கலக்கியது. கல்லுடைத்து, செங்கல் சூளையில் வெந்து, பிறகு கம்பெனி ஸ்டோர்ஸில் கான்ட்ராக்ட் ஆளாகப் பெட்டி தள்ளி, ஐம்பத்து மூன்றாம் வயதில் கட்டிய இரண்டு அறை வீடு அது. அவள் இல்லாத வீட்டில் பூட்டைத் திறந்துகொண்டு நுழைவதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"ஒரு மாசம் பொறும்மா," என்றார் மகளிடம். "நல்ல நாயா ஒண்ணு வாங்கிப் போடறேன். அப்பறமும் அம்மாவுக்கு பயமா இருந்தா, நானே கொண்டாந்து வுடறேன்."

"எனக்கு ஒரு நாட்டு நாய்க்குட்டி போதுங்க," என்றாள் மாதம்மாள். "ஆளு வந்தா கொலைக்கட்டும். நான் கதவச் சாத்திக்குவேன்."

"கொலைக்கிற நாய வச்சு என்னா பண்றது? புடிக்கிற நாய் வேணும்."

உண்மையைச் சொல்வதென்றால், பாதி நாய் அவளுக்காக, பாதி நாய் அவருக்காக. தான் பெட்டி தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் எவனோ தன் பெண்டாட்டி கழுத்தில் கை வைத்தான் என்பது அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவன் திரும்பி வரவேண்டும், வந்து கடிபட வேண்டும் என்றுகூட அவருக்கு ஆசை இருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் முதலில் தேடினார். பிளாஸ்டிக் கூடையில் நான்கு குட்டிகளை வைத்துக்கொண்டு ஒருவன், நான்கும் அசல் கோம்பை என்று சத்தியம் செய்தான். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, மற்ற இரண்டும் இன்ன நிறமென்று சொல்ல முடியாத நிறம். அத்தோடு சந்தை ஆசை விட்டுப்போயிற்று.

அடுத்த ஆலோசனை இளம்பரிதியிடம். அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், கடலூர்ப் பக்கத்துக்காரன். சொந்தமாக ஒரு பூனைகூட வளர்த்ததில்லை. வீடியோ பார்த்தே கரைகண்டவன். கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே உலகத்து நாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினான்.

"லாப்ரடார் வேணாம்ணே. திருடன் வந்தா டார்ச் அடிச்சு வழி காட்டும்."

"அல்சேஷன்?"

"வேலைக்காரன்தான். ஆனா சோத்துல முடி, டீயில முடி. அக்கா ஒங்களையும் சேத்து வெரட்டிரும்."

"ராஜபாளையம் நல்லாருக்கும்னு சொல்றாங்களேப்பா."

"அது ஓடுற நாய். நம்ம ரெண்டு சென்ட்டுல கட்டிப்போட்டா ஏங்கியே செத்துரும். கோம்பை ஒரே ஆளுக்குத்தான் அடங்கும். நீங்க ஷிஃப்டுக்கு வந்துட்டா, நாய்கிட்டேருந்து அக்காவ யாரு காப்பாத்துறது? காக்கேசியன்னு ஒண்ணு இருக்கு, கரடி சைஸ். ஓசூர் குளிருக்கு ஓகே, நம்ம பக்கம் சித்திர வெயிலுக்கு ஆவாது." சோற்றை விழுங்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்: "ராட்வீலர்ணே. பாத்தாலே பாதிப் பேரு ஓடிருவான். மீதிப் பேர அது பாத்துக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் திம்மராயனுக்குத் தேனாக இனித்தது.

அத்திப்பள்ளியைத் தாண்டி ஆனேக்கல் போகும் வழியில், தைல மரத்தோப்புக்குள் நாராயணப்பன் என்பவர் நாய்களைப் பழக்கி விற்றுக்கொண்டிருந்தார். தமிழைக் கன்னடத்தில் தோய்த்தெடுத்துப் பேசுகிற மனிதர். அவரிடம் இரண்டரை வயது ராட்வீலர் ஒன்று இருந்தது. பெங்களூரில் பெரிய வீட்டில் வளர்ந்தது. வீட்டுக்காரர்கள் வெளிநாடு போனபோது இவரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெயர் பைரா. தலை மட்டுமே ஒரு குடம் அளவுக்கு இருந்தது.

கையில் தடித்த மெத்தையுறை மாட்டிய ஆளை நிறுத்தி, நாராயணப்பன் அவனை நோக்கிக் கையை நீட்டி "ஹிடி" என்றார். பைரா குரைக்கவில்லை. போய்க் கவ்விக்கொண்டு, சிலையாக நின்றது. "பிடு" என்றதும் விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா திம்மராயா? ஹிடி அந்தா சொன்னா புடிக்கும், பிடு அந்தா சொன்னா வுட்டுடும். ஒரு வாட்டிதான் சொல்லணும். புடிச்சிட்டு ஒன் மொகத்தப் பாத்துட்டு நிக்கும். மேல மேல சொன்னா ஒதறும், கிழிக்கும். ஜோக்கே."

ஜாக்கிரதை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாரென்று புரிந்தது. திம்மராயன் பலமாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் ஊர் பாலக்கோட்டுப் பக்கம். கம்பெனியில் பழகி அவருக்குக் கொஞ்சம் கன்னடம் ஒட்டியிருந்தது. மாதம்மாளுக்கு ஒரு சொல்கூட ஒட்டவில்லை. 'ஹிடி' அவள் வாயில் 'இடி' ஆகிவிடும். பைரா அவளையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

"இடி இல்ல. ஹி... ஹி... சொல்லு."

"நான் இளிக்கறதுக்கா நாய் வாங்கியாந்தீங்க?" என்று மாதம்மாள் சிரித்தாள். கழுத்தறுபட்ட நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பில் திம்மராயன் வாத்தியார் வேலையை மறந்து போனார்.

ஆனால் ஆபத்து நேரத்தில் நாக்குப் புரளாத சொல்லால் என்ன பயன்? நாமே தமிழில் மாற்றிக்கொண்டால் போயிற்று என்று தோன்றியது. நாராயணப்பனுக்குப் போன் போட்டார்.

"ஹிடிக்கு பதிலா புடின்னு பழக்கிக்கறேன், சாமி."

"பேடா, வேணா திம்மராயா. புடின்றது ஒங்க வூட்ல தெனமும் பொழங்குற மாத்து, சொல்லு. காவலுக்கு வச்ச மாத்து தனியா இருக்கணும், எடுத்துப் பொழங்கக்கூடாது."

"எங்க வூட்ல நாங்க ரெண்டே பேருதான். புடின்னு யாரு சொல்லப்போறா?"

நாராயணப்பன் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனியின் பழைய யூனிஃபார்முக்குள் வைக்கோலைத் திணித்து ஒரு பொம்மை செய்தார். மூன்று வாரம், காலையும் மாலையும், பொம்மையை நோக்கிக் கை நீட்டி "புடி." பைரா புத்திசாலி, பிடித்துக்கொண்டது. விடச் சொல்லும் சொல்லை மட்டும் மாற்றவில்லை. 'விடு'வுக்கும் 'பிடு'வுக்கும் ஓரெழுத்துதானே வித்தியாசம், அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரே நாய்க்குப் 'புடி' என்றும் 'பிடு' என்றும் இரண்டு சொல். பதறின வாய் இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. வீடு மறுபடி வீடாகிக்கொண்டிருந்தது. மாதம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பகலில் கண்ணயர்ந்தாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள், பக்கத்தில் பைரா. அவள் அதைப் பைரவா என்றுதான் கூப்பிட்டாள். கேழ்வரகுக் களியை ஆறவைத்து உருட்டி வைப்பாள். ஒருநாள் திம்மராயன் குளித்துக்கொண்டிருக்கையில் அவள் போனில் மகளிடம் பேசுவது கேட்டது. "நான் எதுக்கும்மா அங்க வரேன்? எனக்கு இங்க நல்லாத்தான் இருக்குது." தண்ணீர் ஊற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார். கண் நிறைந்துவிட்டது.

ஒரே குறை, மாரம்மா வருவதில்லை. "அந்த எருமக்கன்னுக் குட்டி இருக்கறவரைக்கும் நான் உள்ள வரமாட்டேன்" என்று தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசிவிட்டுப் போய்விடுவாள். மாதம்மாளுக்கு அது ஒரு ஏக்கம்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவரைக்காய் வந்து இறங்கியிருந்த நாள்கள். மாதம்மாள் அவரைக்கொட்டைக் குழம்பு வைத்து, மாரம்மாவை வந்தே தீரவேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். திம்மராயன் குழாயடியில் பைராவைக் குளிப்பாட்டிவிட்டு, சங்கிலியைச் சுவரில் மாட்டியிருந்தார்.

"அதக் கட்டிப் போடுங்க, மாரம்மா வருது," என்று அடுப்படியிலிருந்து மாதம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஒண்ணும் பண்ணாது. சொன்னாதான் செய்யும்." கேட்டருகே தயங்கி நின்ற மாரம்மாவைப் பார்த்தும் சொன்னார்: "பயப்படாத வா. மிலிட்டரி ட்ரெயினிங் அது."

பெருமை. வேறொன்றும் இல்லை. தான் பழக்கிய மிருகம் எப்படி அடங்கிக் கிடக்கிறது என்று காட்டுகிற பெருமை.

மாரம்மா சுவரோடு சுவராக ஒட்டி நடந்து வந்தாள். பைரா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. மாதம்மாள் குழம்புத் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியா? சூடா இருக்குது, பாத்து" என்று கையை நீட்டினாள். "இந்தா, புடி."

பைரா எழுந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை. மாரம்மாவின் வலது முன்கையைக் கவ்விக்கொண்டு நின்றது. சட்டி விழுந்து குழம்பு தெறித்தது.

நின்றது. அதைச் சொல்லியாக வேண்டும். கவ்வியது, பிறகு அசையாமல் நின்று திம்மராயனின் முகத்தைப் பார்த்தது. அந்தக் கணத்தில் ஒரே ஒரு சொல் போதும். பல் பட்ட காயத்தோடு போயிருக்கும். அந்தச் சொல் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது, நாய் கடிக்கிற இடத்தில் நம்மில் யார் வாயிலிருந்தும் வருகிற சொல்.

"புடி! மாதம்மா, நாயப் புடி! கழுத்தப் புடி! புடி, புடி!"

ஒவ்வொரு புடிக்கும் பைரா ஒருமுறை உதறியது. அவர் கையை நீட்டி நீட்டிக் கத்தினார். அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. மாரம்மாவின் அலறலில் அவருக்கு இன்னும் பதற்றம் கூடி, இன்னும் பலமாகக் கத்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"பிடு!" என்று ஒரு குரல் கேட்டது. மாதம்மாளின் குரல். பைரா உடனே விட்டது. விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு மாரம்மாவின் மகன் சிவராஜ்தான் தன் ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனான். எலும்பு உடைந்திருந்தது, அது கூடிவிடும், அறுந்த நரம்புதான் சந்தேகம் என்றார்கள். வார்டுக்கு வெளியே வராண்டாவில் சிவராஜ் கேட்டான், "கட்டிவைக்காம இருந்ததுகூட இருக்கட்டும். ஏவாம எப்படி பெரிம்மா கடிக்கும்? யாரு ஏவுனது?"

"நான்தாம்பா," என்றாள் மாதம்மாள். "கொழம்பு குடுக்கறப்ப இந்தா புடின்னுட்டேன். என் வாய்தான். என் பாழாப்போன வாய்தான்."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் திம்மராயனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதில் பொய்யில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் சொன்னாள்தானே? நான் நாயைத் தடுக்கத்தானே கத்தினேன்?

போலீசுக்குப் போகலாம் என்றவர்களை மாரம்மாவே அடக்கிவிட்டாள். "மாதம்மா வேணும்னா சொல்லுச்சி? வுடுங்கப்பா." நாயைத் திருப்பி அனுப்புவதோடு பஞ்சாயத்து முடிந்தது.

பைராவைத் திரும்ப வாங்கிக்கொண்ட நாராயணப்பன் காயத்தின் போட்டோவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இது ஒரு வாட்டி சொன்ன கடி இல்ல, திம்மராயா. யாரோ சொல்லிட்டே இருந்திருக்காங்க. யாரு?"

"தெரியலீங்க," என்றார் திம்மராயன். "எங்கூட்டம்மாதான்... பயத்துல..."

வாய் கூசாமல் அதைச் சொன்னார். கூசியது திரும்பி வரும் பஸ்ஸில்தான். 

மாதம்மாளின் பேச்சு குறைந்துபோயிற்று. தட்டை நீட்டமாட்டாள்; தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். தினமும் எதிர்வீட்டுக்குப் போய் மாரம்மாவுக்குச் சோறாக்கி, ஊட்டி, தலை வாரிவிட்டு வந்தாள். கட்டுப் பிரித்த பிறகும் கட்டைவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. கத்தரி பிடிக்க முடியாத கைக்கு ரோஜாத் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? சிவராஜ் அம்மாவைச் சூளகிரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வீடு காலியான அன்று மாதம்மாள் தெருவில் நின்று, "என் வாயால ஒன் பொழப்பக் கெடுத்துட்டேனே" என்று ஓவென்று அழுதாள். திம்மராயன் ஆட்டோவில் பாத்திர மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். மூட்டை நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. அதைத் திரும்பத் திரும்ப இழுத்துக் கட்டினார்.

மறுவாரம் அவள் மூக்கண்டப்பள்ளிக்குப் போய்விட்டாள். சண்டையில்லை, சத்தமில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு மகளோடு பஸ் ஏறினாள்.

வார லீவு தோறும் அவர் போய்ப் பார்த்தார். மருமகன் தினேஷ்குமார் மரியாதையாக நாற்காலி போடுவான், மாதம்மாள் காபியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்படியே மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் சரிதா அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், "அம்மா சரியாவே தூங்கறதில்லப்பா. எழுந்து உக்காந்துக்கினு என் வாய், என் வாய்னு வாயிலயே அடிச்சிக்குது. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்கப்பா."

திம்மராயனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாடிக்கு ஏறிப் போனார். மொட்டைமாடியில் மாதம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாதம்மா. நீ ஒரு வாட்டிதான் சொன்ன. அதுக்கு அது கவ்விக்கினு சும்மாத்தான் நின்னுச்சி. அப்பறம் கத்துனதெல்லாம் நானு. நாயப் புடி, நாயப் புடின்னு. மாரம்மா கைய நாசம் பண்ணது நானு. ஒன் வாய் இல்ல."

அவள் ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "தெரியுங்க," என்றாள்.

"தெரியுமா?"

"பக்கத்துல நின்னுதான கத்துனீங்க. பிடுன்னு சொன்னவளே நான்தான. எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் எதுக்கு நீயே எல்லாத்தையும்..."

"ஆஸ்பத்திரில சிவராஜ் கேட்டப்ப ஒங்க மொவத்தப் பாத்துக்கினேதான் நான்தான்னு சொன்னேன். 'அவ மட்டும் இல்லப்பா, நானுந்தான்'னு ஒரு பேச்சு வரும்னு பாத்தேன். வரல. சரி, வூட்டுக்கு வந்து எங்கிட்டயாச்சும் சொல்வீங்கன்னு பாத்தேன். மாரம்மா வூட்டக் காலி பண்ண அன்னிக்கு நடுத்தெருவுல நின்னு அழுதேனே, அப்பயாச்சும் சொல்வீங்கன்னு பாத்தேன்." அவள் குரல் உயரவேயில்லை. "மூட்டையக் கட்டிக்கினு இருந்தீங்க."

"இப்ப சொல்லிட்டேனே, மாதம்மா."

"சொல்லிட்டீங்க."

கீழே ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவை போகும்வரை அவர் காத்திருந்தார்.

"வா, வூட்டுக்குப் போலாம். இப்ப நாய்கூட இல்ல. இனிமே அங்க ஒனக்கு என்னா பயம்?"

மாதம்மாள் காலி பக்கெட்டை எடுத்துக்கொண்டாள். படிக்கட்டு வரை போய்த் திரும்பினாள்.

"பைரவன்மேல எனக்கு என்னிக்குமே பயம் இருந்ததில்லீங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

திம்மராயன் ஈரத்துணிகளுக்கு நடுவில் நின்று அழுதார். கீழே இருந்து சரிதா, சாப்பிட வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.